பாரிமுனையில் வேலை, வீடு எங்கே?

என் தமக்கையின் மகனுக்கு ராஜாஜி சாலையில் உள்ள ஒரு வங்கிக்கு மாற்றலாயிற்று. வந்த மறுவாரமே, "மாமா, மயிலாப்பூரா, தியாகராய நகரா, அடையாறா, எங்கே வீடு வாங்கலாம்?" என்று கேட்டான். கேள்வி சிறியது, அதன் பின்னே இருபது வருஷக் கடன் நிற்கிறது. உடனே விடை கூற எனக்கு அச்சமாக இருந்தது.

நேயர்களே, சென்னையில் பணம் புழங்கும் இடமென்று நெடுங்காலம் பெயர் பெற்றது பாரிமுனையும் அதை அடுத்த கடற்கரைச் சாலையுமே. பாரத ஸ்டேட் வங்கியின் செந்நிறக் கட்டடம் 1897 முதல் அங்கே நிற்கிறது. ரிசர்வ் வங்கியும் அருகிலேயே இருக்கிறது. சௌகார்பேட்டை வணிகர்கள் கடைக்கு மேலேயே குடியிருந்தார்கள். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மயிலாப்பூரை நாடினார்கள். அவர்களை டிராம் வண்டி கொண்டுபோய்ச் சேர்த்தது. 1953-இல் டிராம் நின்றது. திருமயிலைக்குப் பறக்கும் ரயில் வந்ததோ 1997-இல்தான். இடையில் நாற்பத்து நான்கு வருஷம் பேருந்தில் தொங்கியவர்களை நான் அறிவேன்.

தியாகராய நகருக்கு அந்தக் குறை இல்லை. கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் 1931-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. மாம்பலம் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அடையாற்றுக்கு அருகே கஸ்தூரிபாய் நகரிலும் இந்திரா நகரிலும் 2004 முதல் ரயில் நிற்கிறது. ஆகவே மூன்று பேட்டைகளிலிருந்தும் இன்று கடற்கரை நிலையத்துக்கு ரயிலில் போகலாம். எத்தனை மைல் என்று கேட்பதைவிட, வீட்டு வாசலிலிருந்து ரயில் நிலையத்துக்கு எத்தனை நிமிஷ நடை என்று கேட்பதே பயன் தரும். தரகர் சொல்லும் "ஐந்து நிமிஷ"த்தை நம்பாமல், காலை எட்டரை மணிக்கு நீங்களே நடந்து பாருங்கள்.

நடையை அளந்துவிடலாம், தண்ணீரின் கணக்குத்தான் கடினம். தியாகராய நகர் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து, 1920-களில் எழுந்த நகர். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை என்று ஒரு தெரு இன்றும் உண்டு, ஏரியைத்தான் காணோம்! ஏரி இருந்த இடம் பள்ளமான இடம், அடியில் களிமண். மழைநீர் கீழே இறங்காமல், பழைய வீட்டைத் தேடி வருவதுபோல் அங்கேயே வந்து தங்கும். மயிலாப்பூரின் கடலோரப் பகுதி மணற்பாங்கு. நீர் விரைவில் இறங்கும். ஆனால் அளவுக்கு மீறிக் கிணற்றை இறைத்தால் உப்பும் உள்ளே வரும். அங்கே இன்னொரு சங்கதியும் உண்டு. பல தெருக்களில் மனை கபாலீசுவரருடையது, கட்டடம் மட்டுமே குடியிருப்பவருடையது. வில்லங்கச் சான்றோடு நிற்காமல், மனை யாருடையது என்று மூலப் பத்திரத்தையும் ஒரு வக்கீலிடம் காட்டுவது நலம்.

மருமகன் மனத்தில் இருந்ததோ கோட்டூர்புரத்தில் ஆற்றையொட்டிய ஒரு தரைத்தள வீடு. காற்று நன்றாக வருகிறதாம். வரும்தான். 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறும் அந்தப் பக்கம் வந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. வழியில் சேர்ந்த வெள்ளம் வேறு. வெள்ளையடித்த சுவரில் அதன் சுவடு தெரியாது. ஆகையால் தெருமுனையில் இஸ்திரி போடும் பெரியவரைக் கேட்கச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல், தம் கையை மார்புக்கு நேரே வைத்துக் காட்டினாராம்.

முன்பணம் கொடுக்கவிருந்தவன் நிறுத்திக்கொண்டான். மனைவிக்கு அதில் வருத்தந்தான். விலை ஏறிவிடுமே என்கிறாள். அதுவும் நியாயமான கவலை. இப்போது மந்தைவெளியில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாங்கள் பார்த்து வைத்திருக்கும் நாலைந்து தெருக்களுக்குக் குடையோடு போய், தண்ணீர் எங்கே நிற்கிறது, எத்தனை மணி நேரத்தில் வடிகிறது என்று குறித்துக்கொண்டு வருகிறார்கள்.