தாமிரபரணிச் சமவெளியில் காசின் மதிப்பு: உலோகமும் வரலாறும்

முன்னுரை

பழங்காசு ஒன்றுக்கு மூவகை மதிப்புகள் உண்டு. அதன் உலோகத்துக்குரிய மதிப்பு ஒன்று. புழக்கத்தில் இருந்தபோது பெற்ற பரிமாற்ற மதிப்பு மற்றொன்று. சான்றாக இன்று பெறும் வரலாற்று மதிப்பு மூன்றாவது. உலோக மதிப்பு மேலோங்கும் இடத்தில் வரலாற்று மதிப்பு அழிவதைத் தாமிரபரணிச் சமவெளியை முன்வைத்து விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்வெட்டில் காசு

கி.பி. 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வரகுண மகாராசனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டு, கோயில் வழிபாட்டுக்கு 290 காசு அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் பொலிசை. ஆகமொத்தம் 580 கலம். திருச்செந்தூர்க் கல்வெட்டிலோ 1400 காசு, கொற்கை உள்ளிட்ட பல ஊர்களிடம் முதல் குறையாதவாறு ஒப்படைக்கப்பட்டது. அங்கும் பொலிசை காசுக்கு 2 கலமே. இவ்வொப்புமை, காசு இவ்வட்டாரத்தில் நிலைபெற்ற அளவீடாக விளங்கியதைக் காட்டுகிறது.

எடையாக வந்த காசு

கொற்கை முத்துக்குளிப்பைப் பெரிப்ளூசு நூல் குறிப்பிடுகிறது. அக்கடல் வணிகத்தின்வழித் தமிழகம் வந்த ரோமானியக் காசுகள் பெரிதும் எடைக்கும் மாற்றுக்குமே மதிக்கப்பெற்றன. கி.பி. 64இல் நீரோ மன்னன், ஓர் இராத்தல் வெள்ளியில் 84 தெனாரியசு அடித்த நிலையை மாற்றி 96 அடிக்கச் செய்தான். தமிழகப் புதையல்களில் அதற்கு முற்பட்ட அகசுதசு, தைபீரியசு ஆகியோரின் வெள்ளிக்காசுகளே மிகுதி. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின்மீது உளிவெட்டு உள்ளது. முகத்தினும் பொன்னே பெரிதாகக் கருதப்பட்டது என்பதற்கு இதுவும் சான்றாகலாம்.

செம்பின் நிலைபேறு

பொன்னை உருக்கினாலும் அதன் விலை குறைவதில்லை. ஆதலின் பொற்காசு எளிதில் பொற்கொல்லரின் மூசையைச் சேர்ந்தது. சிறு செம்புக் காசை உருக்குவதால் பெரும்பயன் இல்லை. பாண்டியர் நாணய வரலாறு பெரிதும் செம்புக் காசுகளால் எழுதப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். யானையும் மீன் சின்னமும் கொண்ட சதுரக் காசுகள், ‘பெருவழுதி’ எனத் தமிழி எழுத்துப் பொறித்த காசு, ‘எல்லாந்தலையானான்’, ‘கோதண்டராமன்’ என்னும் விருதுப்பெயர் தாங்கிய பிற்காலக் காசுகள் ஆகியன செம்பால் ஆனவையே. 1888இல் லோவந்தால் பாதிரியார் திருநெல்வேலி நாணயங்கள் குறித்துத் தனிநூல் வெளியிட்டார். ஒரு மாவட்டத்தின் காசுகளே ஒரு நூலுக்குப் பொருளாகும் அளவுக்கு மிகுந்திருந்தன என்பதை அது உணர்த்துகிறது.

சட்டமும் சான்றும்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துவழி அறிவித்தல் வேண்டும். அரசு அதனைக் கையகப்படுத்தினால், உரியவர்க்குப் பொருளின் உலோக மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும் வழங்கப்படும். பொன்னுக்கு இது ஓரளவு பொருந்தும். அரிய எழுத்துப் பொறித்த செம்புக் காசுக்கோ இவ்விழப்பீடு மிகச் சிறிதே. சேகரிப்பாளர் சந்தை அதனினும் பன்மடங்கு தரும். எனவே கண்டெடுத்தவர் காசை மறைவாக விற்க முற்படுகிறார். காசு பிழைக்கிறது, அது கிடைத்த இடம், உடன்கிடைத்த பொருள், மண்ணடுக்கு ஆகிய செய்திகள் அழிகின்றன.

முடிவுரை

மூசை காசையே அழிக்கிறது. மறைமுக விற்பனை அதன் பிறப்பிடத்தை அழிக்கிறது. இழப்பீட்டை உலோக எடையால் அன்றி வரலாற்று அருமையால் கணிப்பின், கண்டெடுத்தவர் அறிவிக்க முன்வருவர். சேகரிப்பாளரும் ஒவ்வொரு காசுக்கும் கிடைத்த ஊரைப் பதிவுசெய்தல் வேண்டும். ஊர்ப்பெயர் அறியப்பட்ட ஒரு தேய்ந்த செம்புக்காசு, அஃது அறியப்படாத பொற்காசினும் ஆய்வுக்குப் பெரிதும் உதவும்.