கூரை மட்டும் போதுமா?

மணிமுத்தாறு அணையின்மீது நின்று மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மலை. கிழக்கே குனிந்து பார்த்தால் வயல். மலைமேல் இருந்தவள் தேயிலைக் கொழுந்து பறித்தாள். வயலில் இறங்கியவள் நாற்று நட்டாள். இருவர் கையிலும் காய்ப்பு உண்டு. இருவர் வீட்டிலும் கடன் உண்டு. இருவருக்கும் நடுவே கிடப்பது ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மலைப்பாதை மட்டுமே.

மேலே இருப்பவளைப் பார்த்து, "இறங்கி வா, வீடு தருகிறோம்" என்று அரசு சொல்கிறது. இறங்கி வருகிறவளைப் பார்த்து, "எங்கள் ஊருக்குப் பக்கத்திலா வரப்போகிறாய்?" என்று கேட்க எந்த ஊரிலும் நாலுபேர் இருப்பார்கள். நடுவிலே நிற்கிறாள் அவள், தலையிலே மூட்டை, இடுப்பிலே பேரப்பிள்ளை. அவளுக்காகத்தான் இன்று பேசுகிறோம். அவளைக் கண்டு அஞ்சுகிற ஊராரோடும் பேசுகிறோம். இரண்டு பேரையும் தெரிந்தவர்கள் நாம். இருவர் வீட்டிலும் உண்டவர்கள் நாம். ஆகவே நமக்கு அந்த உரிமை உண்டு.

முதலில் மேலே போய் வருவோம்.

மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. பெயரைக் கேட்டாலே குளிரும். 1929-ஆம் ஆண்டு சிங்கம்பட்டி ஜமீன், 8,373 ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது. யாருக்கு? பாம்பே பர்மா வர்த்தகக் கழகத்துக்கு. சாதாரணக் கம்பெனியா அது? 1885-இல் பர்மிய அரசர் திபா, தேக்குமரக் கணக்கிலே மோசடி என்று அந்தக் கம்பெனிக்கு அபராதம் போட்டார். அதையே சாக்காக வைத்து வெள்ளையன் படையெடுத்தான். அரசரை நாடு கடத்தி இரத்தினகிரியிலே வைத்தான். ஒரு மன்னனின் மணிமுடிக்கே விலை பேசிய வரலாறு உடைய கம்பெனி, தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரியோடு எந்தத் தராசில் பேரம் பேசியிருக்கும்? எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

காட்டை அழித்துத் தோட்டம் போட்டவர்கள் யார்? சீமான் வீட்டுச் செல்வப் பிள்ளைகளா? நெல்லைச் சீமையின் சேரிகளிலிருந்தும், மலைக்கு அப்பால் கேரளத்திலிருந்தும் கங்காணிகளால் ஏற்றிச் செல்லப்பட்ட ஏழைகள். அட்டை கடித்தது; மழை அடித்தது; யானை மிரட்டியது. நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து அங்கேயே மண்ணானது. அவர்களுக்குக் கிடைத்தது லயன் வீடு. 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், குடியிருக்க வீடு தருவது முதலாளியின் கடமை என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் அதற்குள்ளே ஒரு முள் இருந்தது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். அறுபது வயதில் ஓய்வு பெற்றவளுக்கு அந்தச் சுவரிலே ஒரு செங்கல் சொந்தமில்லை. அவள் நட்ட மரம் சொந்தமில்லை. அவள் கணவனைப் புதைத்த மண்ணும் சொந்தமில்லை.

கூலி உயர்வு கேட்டார்கள். சிறைப்பட்ட தம் தோழர்களை விடுதலை செய்யக் கேட்டார்கள். 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் வந்தார்கள். காவல்துறையின் தடி சுழன்றது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டார்கள். 17 உயிர்கள் போயின. அதில் ஒரு பச்சிளங்குழந்தையும் உண்டு. அன்று கோட்டையில் நடந்தது கழக ஆட்சிதான். இதை எழுதும்போது பேனா தயங்குகிறது. தயங்கினாலும் எழுதத்தான் வேண்டும். தன் வீட்டுக் குப்பையைப் பாயால் மூடுகிறவன் அடுத்த வீட்டு முற்றத்தைப் பற்றிப் பேச அருகதை அற்றவன். மாஞ்சோலைக் கூலிக்காரருக்கு நாம் வீடு கேட்பது கருணையால் அல்ல. பழைய கடன் ஒன்று பாக்கி இருப்பதால்.

பிறகு வந்தது 2024. குத்தகை 2028 பிப்ரவரி 11-இல் முடிகிறது. அதற்குமுன் காட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கம்பெனி கணக்குப் போட்டது. விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டியது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அந்த ஜூன் மாதத்திலே வேலை இழந்தார்கள். விருப்ப ஓய்வாம்! வயிற்றில் அடித்துவிட்டு, "விருப்பத்தோடு அழு" என்கிற வேடிக்கையை வேறெங்கே காண முடியும்? தோட்டத்தை அரசே ஏற்று, தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் வாயிலாக நடத்த வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார்கள். ஈழத்திலிருந்து திரும்பிய தமிழர்க்காக உருவான கழகம் அல்லவா அது? நமக்கும் நிழல் தரும் என்று நம்பினார்கள். 2024 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. அது புலிகள் காப்பகத்தின் காடு. மீண்டும் காடாகவே வேண்டும் என்பது தீர்ப்பு. மணிமுத்தாற்றிலும், நெல்லையை அடுத்த ரெட்டியார்பட்டியிலும் வீடு தருகிறோம், தொழில் தொடங்கக் கடன் தருகிறோம் என்று அரசு நீதிமன்றத்தில் சொன்னது.

காடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த மலையிலே பெய்கிற மழைதான் தாமிரபரணி. அந்த ஆறுதான் நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் சோறு. புலி வாழட்டும். புலிக்கு எல்லை வகுத்தவர்கள் மனிதனுக்கும் ஒரு முற்றம் வகுத்தார்களா என்பதே நம் கேள்வி.

"அதுதான் அடுக்குமாடி வீடு தருகிறார்களே, இன்னும் என்ன?" என்று கேட்பீர்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்றார்கள் நம் பெரியோர். வளை கொடுத்தால் போதாது. வளைக்கு வெளியே இரை இருக்க வேண்டும். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த கைக்கு ரெட்டியார்பட்டியில் என்ன வேலை? மாடிமேல் ஆடு கட்ட முடியுமா? கோழி வளர்க்க முடியுமா? நாலு முருங்கை நட இடம் உண்டா? மலையிலே விறகு காசில்லாமல் கிடைத்தது. தண்ணீர் காசில்லாமல் ஓடியது. கீழே இறங்கினால் மூச்சுவிடுவதைத் தவிர மற்றதற்கெல்லாம் காசு! மாதம் முதல் தேதி சம்பளம் வராத வீட்டுக்கு மின்சாரக் கட்டணம் மட்டும் தவறாமல் வரும்.

இது நம் கற்பனை அல்ல. சென்னையைப் பாருங்கள். 1970-இல் குடிசை மாற்று வாரியம் கண்டது தமிழகம். குடிசை இருந்த இடத்திலேயே மாடி கட்டிக் கொடுப்பது என்ற எண்ணம் அன்று முன்னே நின்றது. மீன் பிடிக்கிறவன் கடலோரத்திலேயே இருந்தான். மூட்டை தூக்குகிறவன் துறைமுகத்தருகிலேயே இருந்தான். பிற்காலத்தில் என்ன நடந்தது? கூவம் கரையிலிருந்தும் அடையாற்றுக் கரையிலிருந்தும் பெயர்த்து, கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குவித்தார்கள். பெரும்பாக்கத்திலே எட்டடுக்கு. வேலை ஓரிடம், வீடு ஓரிடம். பத்துப் பாத்திரம் தேய்க்கப் போகும் தாய் பஸ்ஸிலேயே பாதிப் பொழுதைத் தொலைத்தாள். கண்ணகி நகர் என்று முகவரி சொன்னதும் வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று அங்கிருக்கும் இளைஞர்கள் எத்தனை முறை குமுறியிருக்கிறார்கள்! கற்புக்கும் நீதிக்கும் கோயில் கொண்டவளின் பெயரைச் சூட்டிவிட்டு, அந்தப் பெயரையே இழுக்காக்கிய கொடுமை அது.

கட்டிடத்தின் உறுதியையும் கேட்டாக வேண்டும். 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காக் குடியிருப்பில், புதுச் சுவரின் பூச்சு விரல் பட்டாலே உதிர்ந்ததை நாடே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் ஒரு பழைய அடுக்குமாடி சரிந்தது. 24 வீடுகள் மண்ணாயின. முன்கூட்டியே விரிசலைக் கண்டு வெளியேறியதால் உயிர்கள் தப்பின. ஏழைக்குக் கட்டுகிற வீடு என்றால் சிமெண்டும் ஏழையாகிவிட வேண்டுமா?

இனி, கீழே இருக்கும் ஊராரிடம் வருவோம்.

எளியோர்க்கான குடியிருப்பு எந்த ஊருக்கருகே வருவதானாலும் சில கேள்விகள் கிளம்பும். நமக்கு இருக்கும் தண்ணீரே போதுமா? பள்ளியிலே இடம் இருக்குமா? ஆஸ்பத்திரியிலே கூட்டம் கூடுமே? மனைவிலை சரியுமே? இந்தக் கேள்விகளைக் கேட்பவனைக் கல்நெஞ்சன் என்று நாம் ஏசமாட்டோம். தன் வீட்டு அடுப்பை நினைத்துக் கேட்கிறான்; பதில் பெற அவனுக்கு உரிமை உண்டு.

தண்ணீரா? 118 அடி அணையைத் தலைமாட்டிலே வைத்துக்கொண்டு தண்ணீருக்கு அஞ்சலாமா? மணிமுத்தாற்றுக் கால்வாய் நாங்குநேரிப் பக்கத்து வறண்ட குளம்வரை போகிறது. சில நூறு குடும்பம் குடித்து வற்றிவிடாது அணை. வேண்டியது குழாயும் தொட்டியும். அவற்றை வீடு கட்டுமுன் கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள். பள்ளியா? பிள்ளை குறைந்தால்தான் பள்ளிக்கு ஆபத்து. பிள்ளை கூடினால் ஆசிரியர் கூடுவார். ஆஸ்பத்திரியா? நியாயமான கவலை. ஒரு மருத்துவர் இருக்குமிடத்தில் இருவர் வேண்டும் என்று கேட்க இதைவிட நல்ல தருணம் ஏது? மனைவிலையா? வாடகை வீட்டிலே இருக்கும் தொழிலாளிக்கு மனைவிலை ஏறினால் என்ன லாபம்? மனை வாங்கி மனை விற்கும் புள்ளிகளின் கவலையை நம் தலையிலே ஏன் சுமக்க வேண்டும்?

ஆனால் தோழர்களே, இந்த நாலு கேள்விக்கும் பின்னாலே ஐந்தாவதாக ஒன்று ஒளிந்திருக்கும். வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். தேநீர்க் கடையிலே குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "வருகிறவன் எந்த ஆள்?" சாதி! அந்த நச்சுப் பாம்பின் வால் அங்கேதான் ஆடும். வேறு எந்தச் சீமையைவிடவும் நம் நெல்லைச் சீமை அந்தக் கேள்விக்குக் கொடுத்த விலை பெரிது. 2023 ஆகஸ்டில், மணிமுத்தாற்றுத் தண்ணீர் போகும் அதே நாங்குநேரியிலே, ஒரு பள்ளி மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். தனித் தெரு, தனிச் சுடுகாடு, தனிக் குழாய் என்று பிரித்துப் பிரித்து வளர்த்த பயிரின் அறுவடை அது. இன்னொரு தனிக் குடியிருப்பை ஊருக்கு வெளியே கட்டி, அதற்கும் ஒரு பெயர் சூட்டினால், இன்னொரு விதைநெல்லைத் தூவியவர்களாவோம்.

இதற்கு மருந்தைத் தமிழகம் முன்பே கண்டது. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகள். ஆதிதிராவிடர்க்கு 40, பிற்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்பட்டோர்க்கு 25, மற்றையோர்க்கு 10. அடுத்தடுத்த சுவர், எல்லார்க்கும் ஒரே இடுகாடு. கடல்கடந்த சிங்கப்பூர் 1989-இலேயே, அரசு அடுக்குமாடிகளில் சீனர், மலாயர், இந்தியர் கலந்து வாழ விகிதம் வகுத்தது. கலந்து வாழ்ந்தால் கலகம் வரும் என்று கதைப்பவர்களுக்கு அதுவே பதில். வியன்னா நகரத்துத் தொழிலாளர்க்காக 1930-இல் திறந்த கார்ல் மார்க்ஸ் மாளிகையிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். அவற்றோடு துணி வெளுக்கும் கூடம், குழந்தைப் பள்ளி, நூலகம். தொழிலாளிக்குக் கட்டினார்கள், மாளிகை போலக் கட்டினார்கள். நமக்கு மட்டும் ஏன் புறாக்கூண்டு?

ஊராருக்கு இன்னொன்று சொல்வோம். மணிமுத்தாறு என்பது முதலில் ஒரு ஆற்றின் பெயர். 1950-களில் அணை எழுந்தது. கல் உடைக்க, மண் சுமக்க, மதகு காக்க ஆட்கள் வந்தார்கள். அணையோடு வளர்ந்தது ஊர். சிறப்புக் காவல் படையின் ஒன்பதாம் அணி வந்தது. அவர்கள் குடும்பங்களும் வந்தன. வந்தவர்களால் ஆன ஊர், வருகிறவர்களைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கலாமா? உங்கள் தாத்தா தகரப் பெட்டியோடு இறங்கிய நாளிலே யாரோ ஒருவர் செம்பிலே தண்ணீர் கொடுத்திருப்பார். அந்தச் செம்பை இன்று திருப்பிக் கொடுங்கள்.

மலையிலிருப்பவள் அஞ்சுகிறாள், ஊரிலிருப்பவன் அஞ்சுகிறான். இருவர் அச்சத்துக்கும் வேர் ஒன்றுதான்: யாரும் தங்களைக் கேட்கவில்லை. வரைபடம் எங்கோ போடப்படுகிறது. கையெழுத்து எங்கோ விழுகிறது. கடைசியில் சாவி மட்டும் கையிலே திணிக்கப்படுகிறது. பேரூராட்சி மன்றம் எதற்கு இருக்கிறது? பகுதி சபை எதற்கு இருக்கிறது? இரு தரப்பாரையும் ஒரே பாயிலே உட்கார வைத்து, வரைபடத்தை விரித்துக் காட்டட்டும்.

அந்தப் பாயிலே நாம் வைக்கும் கோரிக்கை இவை. வீட்டுப் பட்டா குடும்பத் தலைவியின் பெயரிலே வேண்டும். விரும்பியவருக்கு அடுக்குமாடி, மற்றவருக்கு மண்ணோடு கூடிய மனை வேண்டும். நடந்து போகும் தூரத்திலே வேலை வேண்டும். மலை மீண்டும் காடாக வேண்டுமானால் மரம் நடவும் காவல் காக்கவும் அந்த மலையை அறிந்த கைகளையே அழைக்க வேண்டும். குடிவரும் முன்பே குழாய், பஸ், பள்ளி, மருத்துவர் வரவேண்டும். புதுக் குடியிருப்பு ஊருக்குள் இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறமாக அல்ல.

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள். கட்டிவிடலாம்; கல்லும் மண்ணும் கிடைக்கும். அடுத்த வீட்டுக்காரரோடு வாழ்வதுதான் பெரிய கட்டுமானம். கழகத் தோழர்களே, அந்த வேலை பொறியாளருக்கு அல்ல, உங்களுக்கு. மலையிலிருந்து முதல் குடும்பம் மூட்டையோடு இறங்கும் நாளிலே, கொடியும் மாலையும் வேண்டாம். ஒரு பானைச் சோறும் ஒரு குடம் தண்ணீரும் எடுத்துக்கொண்டு வாசலிலே போய் நில்லுங்கள். உங்களோடு பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள். அவர் வர மறுத்தால், ஏன் என்று கேளுங்கள். அந்தப் பதிலிலிருந்துதான் நம் வேலை தொடங்குகிறது.