ஸ்பானிய மொழியில் உணர்ச்சியும் சப்ஜங்டிவ் வினையும்

சிங்கப்பூரில் மூன்றாம் மொழியாக ஸ்பானியம் எடுக்கும் நம் மாணவர்கள் தடுமாறும் இடங்களில் ஒன்று சப்ஜங்டிவ். ‘சந்தேகம் வந்தால் சப்ஜங்டிவ்’ என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். உணர்ச்சி வாக்கியம் வந்ததும், “இதுல சந்தேகமே இல்லையே, அப்புறம் ஏன்?” என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். இரண்டு வாக்கியங்களைப் பார்ப்போம்.

1. சே கே எஸ்தாஸ் அகீ – நீ இங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.
2. மே அலேக்ரோ தே கே எஸ்தேஸ் அகீ – நீ இங்கே இருப்பது எனக்கு மகிழ்ச்சி.

இரண்டிலும் நீ இங்கேதான் இருக்கிறாய். முதல் வாக்கியம் அதைச் செய்தியாகச் சொல்கிறது. இரண்டாவது, தெரிந்த செய்தியைப் பற்றி என் மனம் என்ன நினைக்கிறது என்று சொல்கிறது. அதனால்தான் எஸ்தாஸ், எஸ்தேஸ் ஆகிறது.

தமிழிலும் ‘இருக்கிறாய்’ என்ற வினைமுற்று ‘இருப்பது’ என மாறியதைக் கவனியுங்கள். ‘நீ இருப்பது தெரியும்’ என்றும் தமிழில் சொல்லலாம் என்பதால், இதை விதியாக எடுக்க வேண்டாம். நினைவில் வைக்க ஒரு பிடி, அவ்வளவுதான்.

வடிவம் எப்படி?
நிகழ்காலத்தின் ‘நான்’ வடிவத்தில் கடைசி ‘ஓ’வை எடுத்துவிடுங்கள். ‘ஆர்’ வினைக்கு ‘ஏ’ சேரும்: ஆப்லோ – ஆப்லே. ‘எர்’, ‘இர்’ வினைகளுக்கு ‘ஆ’ சேரும்: தெங்கோ – தெங்கா. எஸ்தார் (எஸ்தே), செர் (சேயா), இர் (பாயா) போன்ற சிலவற்றைத் தனியாகப் படிக்க வேண்டும்.

தேர்வில் கவனிக்க வேண்டியவை

• மகிழ்பவரும் இருப்பவரும் ஒருவரே என்றால் சப்ஜங்டிவ் வராது; ‘கே’யும் வராது. மே அலேக்ரோ தே எஸ்தார் அகீ – நான் இங்கே இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி.

• ‘சியெந்தோ கே’ என்பதற்கு இரண்டு பொருள். ‘வருந்துகிறேன்’ என்றால் சப்ஜங்டிவ்: சியெந்தோ கே எஸ்தேஸ் என்ஃபேர்மோ (உனக்கு உடம்பு சரியில்லாதது வருத்தமாக இருக்கிறது). ‘உணர்கிறேன்’ என்றால் சாதாரண வினை: சியெந்தோ கே ஆல்கோ பா மால் (ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறது).

ஆசிரியர்கள் மாணவர்களை இரண்டே கேள்விகள் கேட்கப் பழக்கலாம்: இது செய்தியா, செய்தியைப் பற்றிய உணர்வா? ‘கே’க்குப் பிறகு ஆள் மாறுகிறாரா? உணர்வாக இருந்து, ஆளும் மாறினால், தயங்காமல் சப்ஜங்டிவ் எழுதலாம்.