எண்ணில் ஒளிந்த சொல்

பழந்தமிழர் எண்களைக் குறிக்க எழுத்துகளை ஒத்த வடிவங்களைப் பயன்படுத்தினர். ஒன்றைக் குறிக்கும் ௧ ககரத்தையும், எட்டைக் குறிக்கும் ௮ அகரத்தையும் ஒத்தவை. கால் என்னும் பின்னத்தை 'வ' என எழுதினர். ஒரே வடிவம் எண்ணாகவும் எழுத்தாகவும் நின்றமையால், கணக்கேட்டின் குறி கவிதையிலும் விளையாடியது.

ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று இதற்குச் சான்றாகும். ஆரைக்கீரையை விடையாகக் கொண்ட விடுகதையை மரியாதையற்ற விளியோடு கூறிய கம்பருக்கு, ஔவையார் தந்த மறுமொழியே அப்பாடல் என்பது செவிவழிக் கதை. அதில் 'இலட்சணம்' என்னும் சொல்லுக்கு 'எட்டேகால்' என்னும் எண் அடையாக வருகிறது. செவிக்கு அது புகழுரை. எட்டையும் காலையும் குறிகளாக எழுதினாலோ 'அவ' என்றாகி, 'அவலட்சணம்' என்னும் வசை வெளிப்படும்.

15ஆம் நூற்றாண்டுப் புலவரான காளமேகம், எண்ணின் குறியை விடுத்து அதன் பெயரைக் கொண்டு விளையாடினார். காஞ்சி ஏகாம்பரநாதரை வணங்கச் சொல்லும் அவரது பாடலில் முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா (1/10), மாகாணி (1/16), ஒருமா (1/20) எனப் பின்னங்கள் இறங்குவரிசையில் ஒலிக்கின்றன. பொருள் நோக்கில், முக்கால் என்பது முதுமையில் மூன்றாம் காலாகும் ஊன்றுகோல். முன் வரும் நரையில் 'அரை' ஒலிக்கிறது. இருமா என்பது இருமல். மாகாணி என்பது சுடுகாடு. ஒருமா என்பது காஞ்சிக் கோயிலின் மாமரம். எண் குறையக் குறைய வாழ்நாளும் குறைகிறது. விளையாட்டாகத் தொடங்கிய கணக்கு நிலையாமையை உணர்த்தி முடிகிறது.

எண்ணுக்குள் பொருளை ஒளித்துவைக்கும் வழக்கம் இன்றும் தொழிற்களங்களில் வாழ்கிறது. நூலகத்தில் '40ஆம் எண் நூல்' என்றால் புத்தகம். திருப்பூர்ப் பனியன் நிறுவனத்தில் அது பருத்தி இழை. 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதே அவ்வெண்ணின் பொருள். ஆதலால் எண் கூடக்கூட இழை மெலியும். 20ஆம் எண் நூலைவிட 40ஆம் எண் நூல் தடித்தது எனக் கருதும் புதியவரைக் கண்டு, தொழிலறிந்தவர் புன்னகைப்பது இயல்பே.

குறியை அறிந்தவர்க்கே அதில் பிறக்கும் நகை உரியது. ஔவையின் காலில் ஒளிந்த 'வ'கரத்தை அன்று கேட்டவர் உடனே கண்டுகொண்டனர். இன்று அதற்கு உரை தேவைப்படுகிறது. தமிழ் எண்குறிகளை மறந்துவிட்டால் பாடல் ஏட்டில் இருக்கும். நகைச்சுவை மட்டும் நீங்கிவிடும்.