காடைக் குஞ்சும் கடைத்தெருவும்

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் பெருந்தெருவில் இலுப்பைக்கடவையைக் கடந்து வடக்கே போனால் வருவது வெள்ளாங்குளம். மேற்கே கடல்; கிழக்கே துணுக்காய்க்குப் பிரியும் தெரு. நெல்லும் மீனும் பனையும் ஊட்டிய பகுதி. 2008 இல் போர் இவ்வழியே வந்தபோது மக்கள் இடம்பெயர்ந்தனர். 2009 க்குப் பின் திரும்பியவர்கள் வேலியையும் கிணற்றையும் மட்டுமன்றிப் பிழைப்பையும் புதிதாகத் தேட வேண்டியவராயினர். இத்தகைய ஊர்களில், சிறு நிலமும் சிறு முதலும் கொண்டு வீட்டிலிருந்தே செய்யத்தக்க தொழில் எதுவெனக் கேட்போருக்குக் கூறப்படும் விடைகளுள் ஒன்று காடை வளர்ப்பு. அதிலும் காடைக் குஞ்சு பொரிக்கவைத்து விற்பது மிக எளிய வழி என்று எண்ணுவோர் உளர். அது உண்மையில் எளிய வழிதானா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

காடை தமிழருக்குப் புதியதன்று. பழைய நூல்கள் அதனைக் குறும்பூழ் என்கின்றன. நெய்யிற் சமைத்த குறும்பூழைக் குறுந்தொகைப் பாட்டொன்று பேசுகிறது. குறும்பூழ்ப் போர் பார்க்கப் போனதாகச் சாக்குக் கூறும் தலைவனைக் கலித்தொகையிற் காண்கிறோம். ஆயின், இன்று கூட்டில் வளர்க்கப்படுவது நம் பற்றைக்காட்டுப் பறவையன்று. மன்னார்க் கரையோரத்தில் கூவித் திரியும் கவுதாரியும் அன்று. அவை காட்டுயிர்கள், அவற்றைப் பிடித்து வளர்க்க முற்படுவது சட்டத்திற்கு மாறானது. வளர்ப்புக் காடை யப்பானியக் காடை எனப்படும் தனியினம். முற்காலத்தில் யப்பானியர் அதனைக் குரலுக்காகவே கூட்டிலடைத்து வளர்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் முட்டைக்கும் இறைச்சிக்கும் பெருக்கினர். இரண்டாம் உலகப் போரில் அவர்களுடைய மந்தைகள் பெரும்பாலும் அழிந்தன. எஞ்சிய சிலவற்றிலிருந்தே அத்தொழில் மீண்டும் எழுந்தது. இந்தியாவுக்கு இப்பறவை 1970 களில் வந்து சேர்ந்தது. சென்னை நந்தனத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ‘நந்தனம் காடை’ இன்று தமிழகத்தில் பெயர்பெற்ற இறைச்சியினம்.

தலைமுறை தலைமுறையாகக் கூட்டில் வாழ்ந்ததனால் இப்பறவை ஒன்றை மறந்துவிட்டது: அடைகாத்தல். ஆண்டொன்றுக்கு இருநூற்றைம்பது முட்டைக்கு மேல் இடும் பேடு, அவற்றுள் ஒன்றின்மீதேனும் அமர்வதில்லை; இட்ட இடத்திலே விட்டுவிட்டுத் தீன் தேடிப் போய்விடும். (நம் வறண்ட காடுகளிலுள்ள, காடையைப் போன்ற ஒரு சிறு பறவையினத்தில் ஆண்தான் அடைகாக்கிறது, குஞ்சை வளர்ப்பதும் அதுவே. அதனை நோக்க இக்கூட்டுக் காடையின் மறதி வியப்பையே தருகிறது.) ஆகவே காடைக் குஞ்சு வேண்டுமாயின் அடைகாக்கும் பொறி வேண்டும். நாட்டுக்கோழியின் முட்டையை அடைவைத்துக் குஞ்சு பெருக்குவதுபோல எந்த வீட்டிலும் செய்துவிட இயலாது. குஞ்சு விற்பவருக்குத் தொழில் கிடைப்பது இக்காரணத்தாலேயே. அவருக்குரிய பொறுப்பும் இதிலிருந்தே பிறக்கிறது.

பொறியினுள்ளே ஏறத்தாழ 37.5 பாகை செல்சியசு வெப்பமும் தக்க ஈரப்பதனும் இருத்தல் வேண்டும். முதற் பதினான்கு நாளும் முட்டையைப் பலமுறை திருப்பிவிட வேண்டும். பதினேழாம் அல்லது பதினெட்டாம் நாளில் ஓடு உடையும். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆயின் மன்னாரின் வெயிலில் இடர் பொறிக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகிறது. சேர்த்துவைக்கும் முட்டை குளிர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். 21 பாகைக்கு மேற்பட்டால் உள்ளே கரு மெல்ல வளரத் தொடங்கிப் பின்னர் நலிந்துபோம். ஒரு வாரத்துக்கு மேல் வைத்த முட்டையிற் பொரிப்பும் குறையும். மின்சாரத்தின் கதை நாம் அனைவரும் அறிந்தது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யார் மறப்பர்? மாற்று வழியொன்றை ஆயத்தம் செய்யாது பொறியை வாங்குபவர், பதினாறு நாள் உழைப்பை ஓரிரவில் இழக்க நேரிடும்.

பொரித்த குஞ்சின் நிறை ஏழெட்டுக் கிராம். உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. ஆறு வாரத்தில் அது ஏறத்தாழ இருபது மடங்காகி முட்டையிடத் தொடங்குகிறது. இவ்வேகத்தின் பொருட்டே விண்வெளி ஆய்வாளரும் காடையைத் தேர்ந்தனர். 1990 மார்ச்சு 22 இல் ‘மிர்’ விண்வெளி நிலையத்தில் காடைக் குஞ்சொன்று ஓடுடைத்து வெளிவந்தது. ஆயின் எடையற்ற அவ்விடத்தில் கால் ஊன்றி நின்று தீன் கொத்த இயலாது குஞ்சுகள் தவித்தன. நிலத்திலும் ஏறக்குறைய அதே தவிப்பு நேர்வதுண்டு. வழுவழுப்பான தாளில் விட்ட குஞ்சின் கால்கள் இருபுறமும் விரிந்து, பின் நிமிராமலே போய்விடும். ஆதலால் முதற்சில நாள்களுக்குச் சொரசொரப்பான தாளையே விரித்தல் வேண்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல்லோ மாபிளோ இட வேண்டும். இல்லையேல் குடிக்க வந்த குஞ்சு மூழ்கி இறந்துவிடும். முதல் வாரம் ஏறத்தாழ 36 பாகை வெப்பம் வேண்டும். குஞ்சுகள் மின்குமிழின் கீழ் நெருங்கிக் குவிந்தால் குளிர் என்றும், ஓரங்களுக்கு ஒதுங்கி வாய்திறந்தால் வெப்பம் மிகுதி என்றும் அறிந்துகொள்ளலாம். வெப்பமானியைவிட இவ்வழி பெரும்பாலும் பிழைக்காது. தீனில் புரதம் மிகுந்திருக்க வேண்டும். கரையோரத்தில் மீன் மலிவாயிற்றே என்று உப்புக் கருவாட்டை இடித்துச் சேர்த்தல் கூடாது. உப்பு சிறுகுஞ்சுக்கு நஞ்சாகும். உப்பிடாத மீனை நன்கு உலர்த்தித் தூளாக்கினால் தடையில்லை. கோழிகளோடு சேர்த்து வளர்ப்பதும் தவறு. கோழியின் நோய் காடைக்குத் தொற்றக்கூடும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அறுபது பேடும் இருபத்தைந்து சேவலும் உள்ள சிறு பண்ணையொன்றை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்குப் பறவைக்கு 25 கிராம் வீதம் இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட தீன் செல்லும். வாரத்தில் முந்நூறு முட்டையளவு அடைவைக்கலாம். பத்துக்கு ஆறோ ஏழோ பொரித்தால் நற்பேறு. ஆக வாரம் இருநூறு குஞ்சுவரை கிடைக்கும். அவற்றிற் பாதி சேவல். ஒரு நாள் வயதில் ஆண் பெண் வேறுபாட்டைச் சாதாரணக் கண்ணால் அறிய இயலாது. மூன்று வாரமானால் சேவலின் நெஞ்சிறகு செந்நிறமாகும். பேட்டின் நெஞ்சில் கரும்புள்ளி தோன்றும். ஒரு நாட்குஞ்சு நூறு வாங்கிய தாய், ஐம்பது பேடு முட்டையிடுமென எண்ணியிருக்க, முதல் வாரத்து இழப்பும் போக நாற்பதே எஞ்சக் காண்பாள். இதனை முன்னரே சொல்லி விற்பவர் எத்தனை பேர்? என் கருத்தில், புதிதாகத் தொடங்கும் வீட்டுக்கு மூன்று வாரக் குஞ்சையே விற்றல் வேண்டும். விலை கூடும், விற்பவருக்கு வேலையும் கூடும். எனினும் அபாயம் மிகுந்த நாள்களின் சுமையை அறிந்தவன் தாங்க, அறியாதவள் தப்புகிறாள்.

இன்னொன்றும் உண்டு. நெருங்கிய உறவுக்குள் இனம் பெருக்கினால் காடை விரைவில் நலிகிறது. கருத்தரிப்புக் குறையும்; பொரிப்புக் குறையும்; சில தலைமுறைக்குள் மந்தையே தேய்ந்துவிடும். ஒரே பொரிப்பில் வந்த சேவலையும் பேட்டையும் ஓரூர் முழுவதும் வாங்கி, அவற்றிலிருந்தே மீண்டும் பெருக்கினால் வரும் முடிவு இதுதான். வேற்றூர்ச் சேவலைக் காலந்தோறும் கொண்டுவந்து மாற்றாத பண்ணை, குஞ்சு விற்கத் தகுதியற்றது.

எல்லாவற்றுக்கும் மேலானது சந்தை. குஞ்சு வாங்குவோரெல்லாம் குஞ்சு விற்பதற்காகவே வாங்கினால் என்ன நிகழும்? தமிழகத்துப் பெருந்துறைப் பகுதியில் 2012 இல் நிகழ்ந்தது இதற்குச் சான்று. ஈமு என்னும் பெரும் பறவையின் குஞ்சைத் தந்து, மாதந்தோறும் பணமும் தருவோம் எனக் கூறி நிறுவனங்கள் குடும்பங்களிடம் வைப்புப் பணம் பெற்றன. அவ்விறைச்சியை வாங்கி உண்பாரோ மிகச் சிலர். புதியவர் கொடுத்த பணத்தில் பழையவருக்குக் கொடுத்த ஆட்டம் நின்றபோது, சேமிப்பை இழந்தவர் பல்லாயிரவர். பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசே தீன் போட வேண்டியதாயிற்று. யப்பானில் தொயோகாசி நகரைச் சூழக் காடைத் தொழில் நிலைத்திருப்பதன் காரணம் வேறு: அந்நாட்டார் காடை முட்டையை அவித்து உரித்துத் தம் அன்றாட உணவிற் சேர்க்கின்றனர், தகரத்திலடைத்தும் விற்கின்றனர்.

நம் பகுதியிலும் கேள்வி அதுவே. மன்னார் நகரத்து உணவகங்களில் வாரந்தோறும் காடை இறைச்சி வாங்குவோர் எத்தனை பேர்? முழங்காவில், மல்லாவிக் கடைகளில் பத்துக் கிராம் நிறையுள்ள அச்சிறு முட்டை செல்லுமா? சேவல்களை ஐந்து வாரத்தில் இறைச்சிக்குக் கொடுக்க ஓரிடம் உண்டா? வளர்ப்புச் செலவிற் பெரும்பங்கு தீனுக்கே போகிறது. 2021 இல் இரசாயன உரத்தைத் தடுத்ததன்பின் சோள விளைச்சல் வீழ்ந்து, மறு ஆண்டு கோழித்தீன் விலை ஏறியபோது சிறு பண்ணைகள் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வேளையில் குஞ்சு வாங்க வருவோர் முதலில் மறைவர். முட்டை வாங்குவோர் சிலரேனும் எஞ்சுவர்.

ஆதலால் தொடங்க விரும்பும் குடும்பம் முதலில் இருபது முப்பது பேடு வாங்கி, சேவலின்றியே வளர்த்து, முட்டையை விற்றுப் பழகட்டும். சேவலில்லாமலும் பேடு முட்டையிடும். அம்முட்டை பொரிக்காதேயன்றி உண்பதற்குக் குறைவில்லை. ஆறு மாதம் தவறாது வாங்குவார் இருப்பரேல் பொறியைப் பற்றி யோசிக்கலாம். குஞ்சு வாங்கும்போது பொரித்த நாள், தாய்மந்தை வந்த ஊர், சேவல் கடைசியாக மாற்றப்பட்ட மாதம், இதுவரை கொடுத்த தீன் ஆகியவற்றை ஒரு துண்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். தயங்காமல் எழுதித் தருபவர் குஞ்சுக்குப் பத்து ரூபா கூடக் கேட்டாலும் அவரிடமே வாங்கலாம்.