ஆளைத் தேடாதே, கப்பலைத் தேடு

1851 மார்ச் 30 இரவு பிரிட்டனில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். அன்றிரவு வீட்டில் யார் யார் படுத்திருந்தார்களோ அவர்கள் பெயர்தான் தாளில் ஏறும். லிவர்பூல், சவுத் ஷீல்ட்ஸ் மாதிரியான துறைமுக ஊர்களின் தாள்களைப் புரட்டினால் ஒரே மாதிரிக் குடும்பம் திரும்பத் திரும்ப வரும். ஒரு தாய், நாலைந்து பிள்ளைகள், தொழில் கட்டத்தில் ‘மாலுமியின் மனைவி’. மாலுமியைக் காணோம். அவர் எங்கோ கடலில் இருக்கிறார்.

குடும்ப வரலாறு தேடுகிற பிரிட்டிஷ்காரர்கள் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இது. முன்னோர் உழவரோ கொல்லரோ என்றால் உள்ளூர் தேவாலயப் பதிவேட்டிலேயே பாதி வாழ்க்கை கிடைத்துவிடும். கடலோடிக்குக் கல்யாணப் பதிவில் ஒரு கையெழுத்து, பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் ‘மாலுமி’ என்று ஒற்றைச் சொல், அதோடு சரி. ஆனால் அந்த நாட்டு அரசாங்கம் இவரைப் பற்றி எழுதிவைத்த அளவுக்கு வேறொரு கூலிக்காரனைப் பற்றி எழுதியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

பாசத்தால் எழுதவில்லை. போர் வந்தால் கடற்படைக்கு ஆள் வேண்டும். நெப்போலியன் காலத்தில் துறைமுகத் தெருக்களில் திரிந்தவர்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றினார்கள். அந்தக் கெட்ட பெயர் இனி வேண்டாம், வணிகக் கப்பல்களில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்வோம் என்று 1835இல் சட்டம் போட்டார்கள். 1845 முதல் மாலுமி ஒவ்வொருவருக்கும் ஒரு டிக்கெட், அதாவது பதிவுச் சீட்டு. பிறந்த தேதி, பிறந்த ஊர், உயரம், தலைமுடியின் நிறம், கண்ணின் நிறம், உடம்பிலுள்ள தழும்பு, பச்சை குத்தல் வரை அதற்காகப் பதிந்தார்கள். போட்டோ பிடித்துக்கொள்ள வசதியில்லாத ஓர் ஆளின் சாயல் இன்று அவருடைய பேரனின் பேரனுக்குத் தெரிவது இந்த வரிகளால்தான். மாலுமிகளுக்கோ டிக்கெட் என்றாலே கசப்பு. 1853இல் அதைக் கைவிட்டார்கள். 1857இல் பெயர்வாரிப் பதிவேட்டையே மூடிவிட்டார்கள். அப்படி ஒன்றை மறுபடி திறந்தது 1913இல்.

நடுவிலுள்ள 56 வருடங்களுக்கு ஆளின் பெயரைச் சொல்லி அரசாங்கத்தின் காகிதத்தில் தேட வழியில்லை. காகிதம் இல்லாமல் இல்லை, மலை மலையாக இருக்கிறது. அவ்வளவும் கப்பல்வாரியாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே தாத்தாவைத் தேடக் கூடாது, தாத்தா ஏறிய கப்பலைத் தேட வேண்டும்.

கப்பலின் பெயரும் போதாது. ‘மேரி ஆன்’, ‘எலிசபெத்’ என்று ஒரே பெயரில் ஏகப்பட்ட கப்பல்கள் ஓடின. அதற்காக 1855 முதல் பிரிட்டிஷ் கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தந்து, அதை உள்ளே முக்கிய உத்தரத்தில் செதுக்கவும் வைத்தார்கள். முதலாளி மாறலாம், துறைமுகம் மாறலாம், பெயர்கூட மாறலாம், எண் மாறாது. டைட்டானிக்கின் எண் 131428. பழைய கடிதம், பத்திரிகைத் துணுக்கு, கல்லறை வாசகம், பணியிலிருந்து விடுவித்த சீட்டு என்று ஏதாவது ஒன்றில் கப்பல் பெயர் கிடைத்துவிட்டால், வருடாவருடம் வெளியான வணிகக் கப்பல் பட்டியலில் அதன் எண்ணைப் பிடித்துவிடலாம்.

எண் கிடைத்தால் அடுத்தது மாலுமி ஒப்பந்தத் தாள். விரித்தால் மேஜையை அடைக்கிற பெரிய தாள் அது. பயணம் எங்கே, எத்தனை மாதம் என்று தலையில் எழுதியிருக்கும். கீழே ஆளுக்கு ஒரு வரி: கையெழுத்து அல்லது பெருக்கல் குறி, வயது, பிறந்த ஊர், முந்தைய கப்பல், என்ன வேலை, மாதச் சம்பளம், ஏறிய நாள், இறங்கிய நாள், இறங்கிய காரணம். டைட்டானிக்கில் கொதிகலனுக்குக் கரி தள்ளியவருக்கு மாதம் 6 பவுண்டு. என்னைக் கேட்டால் இந்தத் தாளின் உயிர் ‘முந்தைய கப்பல்’ என்ற கட்டத்தில் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அந்தக் கப்பலின் தாளுக்குப் போனால், அங்கே அதற்கும் முந்தைய கப்பல். படிப்படியாகப் பின்னால் இறங்கிப் பையனாக முதன்முதலில் ஏறிய கப்பல்வரை போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

எழுதியதெல்லாம் நிஜம் என்று நம்பிவிடவும் கூடாது. பின்னாளில் நாவலாசிரியராகப் பெயர் வாங்கிய ஜோசப் கான்ராட் 1880இல் இரண்டாம் மேட் என்ற கப்பல் அதிகாரி தேர்வுக்குப் போனபோது தன் கடல் அனுபவத்தைக் கொஞ்சம் நீட்டியே எழுதிக்கொடுத்தார். அதே கான்ராட் விஷயத்தில் தாள் துப்புக் கொடுத்ததும் உண்டு. அவர் 1884இல் பம்பாயிலிருந்து டன்கர்க் வரை வேலை பார்த்த ‘நார்சிஸஸ்’ கப்பலின் தாளில் ஜோசப் பாரன் என்றொரு மாலுமி இருக்கிறார். கரை சேர மூன்று வாரம் இருக்கும்போது கடலிலேயே இறந்துபோனார். கான்ராட் பின்னாளில் எழுதிய ஒரு நாவலில் கப்பலையே ஆட்டிவைக்கும் நோயாளி ஜேம்ஸ் வெய்ட்டுக்கு மூலம் இவராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தது இந்தத் தாளை வைத்துத்தான்.

இந்தத் தாள்கள் ஒரே கட்டடத்தில் இருந்திருந்தால் வேலை சுலபம். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், வைக்க இடமில்லை என்று பங்கு பிரித்தார்கள். 1863 முதல் 1938 வரையிலான தாள்களில் பத்தில் ஒரு பங்கு அரசு ஆவணக் காப்பகத்துக்கு; அது இப்போது லண்டனின் கியூ பகுதியில் இருக்கிறது. மீதியில், வருடத்தின் கடைசி இலக்கம் 5 என்றால் கிரீனிச்சிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்துக்கு. உள்ளூர்க் காப்பகங்களும் கொஞ்சம் வாங்கிக்கொண்டன. மிச்சம், ஏறக்குறைய 70 சதவீதம், குப்பைக்குப் போகாமல் அட்லாண்டிக்கைத் தாண்டியது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் செயின்ட் ஜான்ஸ் நகரத்து மெமோரியல் பல்கலைக்கழகம் அதை எடுத்து வைத்துக்கொண்டது. பிரிஸ்டல்காரர் தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடிக் கனடாவுக்கு எழுதிப்போடுவது இதனால்தான்.

கிரீனிச்சின் பங்கில் 1915 விழுந்தது பெரிய அதிர்ஷ்டம். 1913இல் தொடங்கிய புதிய பதிவேட்டின் முதல் ஐந்து வருட அட்டைகள் பிற்பாடு அழிக்கப்பட்டுவிட்டன. முதல் உலகப் போர்க் காலத்து ஆட்களுக்கு முக்கிய ஆதாரமாக இருப்பவை அந்த 1915 தாள்கள். தன்னார்வலர்கள் உட்கார்ந்து அவற்றைப் பெயர் பெயராகக் கணினியில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறார்கள். ஏழரை லட்சத்துக்கு மேல் பெயர்கள். 14 வயதுப் பையன்கள் இருக்கிறார்கள். இந்தியத் துறைமுகங்களில் ஏறிய, லஸ்கர்கள் எனப்பட்ட மாலுமிகளும் இருக்கிறார்கள். நம் பக்கத்திலும் கப்பலில் போன தாத்தா கதை வைத்திருக்கும் வீடுகள் அங்கே ஒரு தடவை தட்டிப் பார்க்கலாம்.

‘இறங்கிய காரணம்’ என்ற கட்டத்தில் ‘ஓடிப்போனார்’ என்று கண்டால் சில குடும்பங்கள் முகம் சுளிக்கும். சுளிக்க வேண்டியதில்லை, நல்ல சம்பளமும் நல்ல துறைமுகமும் தென்பட்டால் நழுவுவது அந்தக் காலத்து மாலுமிகளிடம் சகஜம். ஜான் காஃபி என்ற கரி தள்ளும் தொழிலாளி சவுத்தாம்ப்டனில் ஏறி, தன் சொந்த ஊரான அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் தபால் மூட்டைகளுக்குள் ஒளிந்துகொண்டு இறங்கிப் போய்விட்டார். அது 1912 ஏப்ரல் 11. அவர் விட்டுவிட்டுப் போன கப்பல் டைட்டானிக். அதற்குப் பிறகு அவர் வேலைக்கு ஏறிய கப்பல் மௌரிடானியா.