கதண்டு கொட்டிய பத்தாவது நிமிடம்

"உள்ளங்கை அரிக்குது." கதண்டு கொட்டிவிட்டதென்று திண்ணையில் வந்து உட்கார்ந்த சித்தப்பா முதலில் சொன்னது இதுதான். பனைமட்டை வெட்டும்போது கூடு கலைந்து, கழுத்தில் இரண்டே இரண்டு கொட்டு. சித்தி சுண்ணாம்பு எடுக்க உள்ளே போனாள். திரும்பி வருவதற்குள் அவர் குரல் கம்மிவிட்டது. ஒருமுறை வாந்தி எடுத்தார். "எனக்கு என்னமோ பண்ணுது" என்றார். உடம்பில் தடிப்பு அவ்வளவாக இல்லை. அதில்தான் நாங்கள் ஏமாந்தோம்.

கொட்டிய இடம் வீங்குவது எல்லோருக்கும் நடப்பது. கொட்டாத இடத்தில் ஏதாவது நடந்தால் ஒவ்வாமை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இறால், வேர்க்கடலை, பென்சிலின் ஊசி எதனாலும் இது வரலாம். வெறும் காணாக்கடி என்றால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். அதோடு இளைப்போ, தொண்டை அடைப்போ, விடாத வாந்தியோ, தலைசுற்றலோ சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. ரத்தக்குழாய்கள் விரிந்து கசிகின்றன, ரத்த அழுத்தம் சரிகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது. பத்தில் ஒருவர், இருவருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது. குழந்தை என்றால் திடீரென்று துவண்டுவிடும்.

"போன வருஷமும் கொட்டுச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று யாரோ தைரியம் சொன்னார்கள். 1902இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ரிஷேயும் போர்த்தியேவும் கண்டது இதைத்தான்: கடல் அனிமோன் நஞ்சை முதல்முறை தாங்கிய நாய், சில வாரம் கழித்துச் சிறிதளவு கொடுத்ததற்கே செத்துப்போனது. முதல் கடியிலேயே உடம்பு பகையைப் பழகிவைத்துவிடுகிறது.

சித்தப்பாவை எழுப்பி பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனோம். செய்திருக்கக் கூடாது. மயக்கம் வரும் ஒருவரை மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, 108ஐ அழைத்திருக்க வேண்டும். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரலாம்; எழுந்து நடக்கவே கூடாது, அழுத்தம் மேலும் விழும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிஸ்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் அவரைப் படுக்கவைத்து, தொடையின் வெளிப்பக்கம் அட்ரினலின் போட்டார். பெரியவர்களுக்கு அரை மில்லிகிராம். தேவைப்பட்டால் ஐந்து நிமிடத்தில் இன்னொன்று. நாம் கேட்டு வாங்கும் அவில் ஊசி அரிப்பைத்தான் குறைக்கும், சரியும் அழுத்தத்தைத் தூக்கிவிடாது. பத்து நிமிடத்தில் சித்தப்பா முகத்தில் ரத்தம் ஏறியது.

"வீட்டுக்குப் போகலாமா?" என்றார். டாக்டர் விடவில்லை. இரவு எட்டு மணிக்கு மறுபடி உள்ளங்கை அரித்தது. இந்தமுறை சிஸ்டர் பக்கத்திலேயே இருந்தார்.